கவரைப்பேட்டை இரவு கற்பிக்கும் பாடம்

2024 அக்டோபர் 11, ஆயுதபூசை நாள். இரவு எட்டரை மணியளவில், மைசூரிலிருந்து பீகாரின் தர்பங்காவுக்குச் சென்ற பாக்மதி விரைவு இரயில், நம் கவரைப்பேட்டை நிலையத்தில் நின்றிருந்த சரக்கு இரயில் மீது மோதியது. நேர்ப்பாதையில் செல்ல சிக்னல் இருந்தும் வண்டி லூப் பாதைக்குள் புகுந்துவிட்டது. பெட்டிகள் தடம்புரண்டன, ஒரு பெட்டி தீப்பற்றியது. ஏறத்தாழ 20 பேர் காயமடைந்தனர். உயிரிழப்பு இல்லை.

'கடவுள் காப்பாற்றினார்' என்று நன்றி கூறினோம். நல்லதே. ஆனால் 2023 ஜூன் 2 அன்று ஒடிசாவின் பாலசோர் அருகே, சென்னை நோக்கி வந்த கோரமண்டல் விரைவு இரயிலும் இதேபோல் லூப் பாதையில் புகுந்து சரக்கு இரயில் மீது மோதியது. அந்த விபத்தில் 290க்கும் மேற்பட்டோர் இறந்தனர். அவர்களைக் கடவுள் கைவிட்டுவிட்டாரா? அப்படிச் சொல்ல நமக்கு மனம் வராது. ஆகவே, உயிர் பிழைப்பதை மட்டுமே கடவுளின் உடனிருப்புக்கு அடையாளமாகக் கொள்ள இயலாது.

இருட்டில், மொழி தெரியாத ஊரில், கவிழ்ந்த பெட்டிக்குள் கிடப்பவருக்குக் கடவுள் தொலைவில் இருப்பதாகத் தோன்றினால், அது விசுவாசக் குறைவா? சிலுவையில் இயேசுவே, கடவுள் தம்மைக் கைவிட்டதாகக் கதறினார். அது 22ஆம் திருப்பாடலின் தொடக்கம். புலம்பலில் தொடங்கும் அப்பாடல் புகழ்ச்சியில் முடிகிறது. கடவுளிடமே முறையிடுகிறவர் கடவுளை விட்டு விலகிவிடவில்லை. அந்தக் கதறலும் செபமே.

மாற்கு நற்செய்தி 4ஆம் அதிகாரத்தில், புயலில் சிக்கிய சீடர்கள் ஆண்டவரைக் குறைகூறியே எழுப்புகிறார்கள். அவர் முதலில் காற்றை அடக்குகிறார். அதன் பிறகே அவர்களது நம்பிக்கையைப் பற்றிக் கேட்கிறார். நாமோ பல வேளைகளில் இந்த வரிசையை மாற்றிவிடுகிறோம். அஞ்சி நடுங்குபவரிடம் முதலில் 'உனக்கு விசுவாசம் போதாது' என்கிறோம்.

கவரைப்பேட்டையில் உதவிக்கு ஓடிவந்த ஊர்மக்கள் யாருடைய விசுவாசத்தையும் விசாரிக்கவில்லை. அடிபட்டவர்களை வெளியே கொண்டுவந்தார்கள்.

கும்மிடிப்பூண்டி சிப்காட் ஆலைகளில் பீகார், ஒடிசா மாநிலச் சகோதரர்கள் பலர் உழைக்கிறார்கள். விபத்து, வேலையிழப்பு, நோய் என்று அச்சம் அவர்களையும் நம்மையும் சூழும் வேளைகள் உண்டு. அத்தகையவர் நம் வாசலுக்கு வரும்போது அறிவுரையைப் பிறகு வைத்துக்கொள்வோம். முதலில் 'சாப்பிட்டீர்களா?' என்று கேட்போம், அருகில் அமர்வோம். 'கடவுள் எங்கே?' என்று அவர் அழுதால் தடுக்காமல், அவரோடு சேர்ந்து அந்தச் செபத்தைச் சொல்வோம்.