ஆறு மில்லிக்கு ஒரு புதுச் சக்கரமா?

"சார், இந்த வீல் உங்க ஃப்ரேமுக்குச் சேராது. புதுசுதான் வாங்கணும்."

மவுண்டன் பைக் ஓட்டுகிற ஆசாமி யாராக இருந்தாலும் ஒருமுறையாவது இந்த வசனத்தைக் கேட்டிருப்பார். கடைக்காரர் அதைச் சொல்கிற தோரணை இருக்கிறதே, ரத்தப் பிரிவு சேரவில்லை என்று டாக்டர் சொல்கிற மாதிரி இருக்கும். நாமும் தலையை ஆட்டிவிட்டு கார்டை நீட்டுவோம். என் கட்சி என்னவென்றால், பல சமயம் அது பொய். சேர வைக்கலாம். ஆயிரம் இரண்டாயிரம் ரூபாய் வேலை. தெரிந்தே சொல்லாமல் விடுகிறவர்கள் சிலர், தெரிந்துகொள்ளவே விரும்பாதவர்கள் பலர். எனக்கு இரண்டாவது கோஷ்டி மேல்தான் கோபம் அதிகம்.

நான் என்ஜினியர் இல்லை. பி.காம். வங்கி உத்தியோகம் ஊர் ஊராகத் துரத்தி, இப்போது லூதியானாவில் கொண்டுவந்து போட்டிருக்கிறது. இந்தியாவில் சைக்கிள் பாகம் என்றால் இந்த ஊர்தான். கில் ரோட்டில் நடந்தால் கடைக்குக் கடை பெடலும் செயினும் ரிம்மும் தொங்கும். வாரநாளில் சைக்கிள் பாகம் செய்கிறவர்கள், விற்கிறவர்களின் கடன் ஃபைல் பார்க்கிறேன். வாரக்கடைசியில் சண்டிகர் தாண்டி மோர்னி மலைப்பக்கம் போய் சைக்கிளோடு விழுந்து எழுந்து வருகிறேன். ஆக, கல்லாவின் இரண்டு பக்கமும் கொஞ்சம் தெரியும்.

விஷயம் புதிதாக இருப்பவர்களுக்காக. பின்சக்கரத்தின் நடுவில் இருப்பது ஹப். அது ஃப்ரேமின் இரண்டு கால்களுக்கு நடுவே உட்கார வேண்டும். அந்த இடைவெளியில்தான் எல்லா வம்பும். பழைய மவுண்டன் பைக்கில் அது 135 மி.மீ. பத்து மில்லி அச்சு, அதற்குள்ளே ஓடும் ஐந்து மில்லி கம்பி, ஓரத்தில் ஒரு நெம்பு. மடக்கினால் இறுகும். இதுதான் குயிக் ரிலீஸ். பிறகு பன்னிரண்டு மில்லி தடிமனில் ஒரு பக்கம் நுழைத்து மறுபக்கம் ஃப்ரேமிலேயே திருகுகிற த்ரூ ஆக்ஸில் வந்தது. இதன் அளவு 142.

ஏழு மில்லி கூடிவிட்டதே, புது ஹப் வேண்டாமா என்று தோன்றும். வேண்டாம். அந்த ஃப்ரேமின் உள்பக்கத்தில் இரண்டு புறமும் மூன்றரை மில்லி பள்ளம் விட்டிருக்கிறார்கள். ஹப்பின் முனை அந்தப் பள்ளத்தில் போய் உட்காரும். 135-உடன் இரண்டு மூன்றரை சேர்த்தால் 142. அவ்வளவுதான் சங்கதி. கியர் அடுக்கும் நகரவில்லை, டிஸ்க்கும் நகரவில்லை, கம்பி கோர்க்கிற காதுகளும் நகரவில்லை. அந்த மாதிரி வடிவமைத்த ஹப்பாக இருந்தால் முனையில் இருக்கும் எண்ட் கேப் இரண்டைக் கழற்றி வேறு இரண்டைப் போட்டால் 135 ஹப் 142 ஆகும், 142 ஹப் 135 ஆகும். சில ஹப்புகளில் கையாலேயே பிடுங்கிவிடலாம். பாட்டில் மூடி மாற்றுகிற வேலை. இதற்குத்தான் புது வீல் விற்றார்கள்.

த்ரூ ஆக்ஸிலை நான் குறை சொல்லவில்லை. டிஸ்க் பிரேக் வந்த பிறகு அது அவசியமான மாற்றம். ஒவ்வொரு முறை கழற்றி மாட்டினாலும் சக்கரம் அதே இடத்தில் உட்காரும், டிஸ்க் பிரேக்கில் உரசி "ஸ்ஸ்ஸ்" என்று பாடாது. நல்லது வந்தால் நல்லது என்று சொல்லிவிட வேண்டியதுதான்.

எனக்கு ஆறாத விஷயம் அடுத்தது. 2014-ல் ட்ரெக்கும் ஸ்ராமும் சேர்ந்து பூஸ்ட் என்று ஒன்றைக் கொண்டுவந்தார்கள். 148 மி.மீ. அதாவது 142-ஐவிட ஆறு மில்லி கூட. 29 அங்குலச் சக்கரம் பெரிது, பக்கவாட்டில் நெளிகிறது, ஹப்பின் காதுகளைப் பக்கத்துக்கு மூன்று மில்லி தள்ளி வைத்தால் கம்பிகள் விரிந்து நின்று சக்கரம் விறைப்பாகும் என்பது அவர்கள் வாதம். வாதம் தப்பில்லை. கூடாரத்துக் கயிறைத் தள்ளிக் கட்டினால் கூடாரம் ஆடாது என்பது எல்லாருக்கும் தெரியும். நான் கேட்கிறது வேறு. அகலம்தான் வேண்டுமென்றால், டவுன்ஹில் சைக்கிள்களில் 150-ம், அதே மூன்றரை மில்லிப் பள்ளக் கணக்கில் வந்த 157-ம் ஏற்கெனவே புழக்கத்தில் இருந்ததே? அதை ஏன் எடுக்கவில்லை? ரொம்ப அகலம், மிதிக்கும்போது குதிகால் இடிக்கும் என்றார்கள். சரி ஐயா, ஒத்துக்கொள்கிறேன். இரண்டே வருஷம். 2016-ல் பிவட் கம்பெனி அதே 157 அகலத்தில் காதுகளை இன்னும் விரித்து "சூப்பர் பூஸ்ட் ப்ளஸ்" என்று பெயர் வைத்து இறக்கியது. குதிகாலெல்லாம் அதற்குள் மெலிந்துவிட்டது போலிருக்கிறது :-)

இதுபோக மறைகள். பன்னிரண்டு மில்லி ஆக்ஸில் எல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கையில் எடுத்தால் வித்தியாசம் தெரியாது. ஆனால் ஒரு மறைக்கும் அடுத்த மறைக்கும் இடைவெளி சிலதில் 1.0, சிலதில் 1.5, சிலதில் 1.75. மாற்றித் திருகினால் ஃப்ரேமின் மறை போச்சு. மூன்று கம்பெனிக்கு மூன்று மறை. இதில் எந்தக் கூடாரத்துக் கயிறு இருக்கிறது என்று யாராவது சொன்னால் தேவலை.

இனி என் கதை. என்னிடம் இருந்தது 142 ஹப்பில் கையால் கோர்த்த 32 கம்பி சக்கரம். நல்ல சக்கரம். ஃப்ரேம் மாற்றியபோது புதுசு 148. பெரிய நகரத்துக் கடை ஒன்று (பெயர் வேண்டாம்) பின்வீலுக்கு 31,000 ரூபாய் எஸ்டிமேட் கொடுத்தது. அதை மடித்துப் பையில் வைத்துக்கொண்டு மில்லர் கஞ்ச் பக்கம் ஒரு லேத் பட்டறைக்குப் போனேன். பட்டறைக்காரர் சர்தார்ஜி. விஷயத்தைக் கேட்டுவிட்டு, "மேனேஜர் சாப், டிராக்டருக்கே செய்கிறோம், சைக்கிளுக்குச் செய்ய மாட்டோமா?" என்றார்.

142-ஐ 148 ஆக்க இரண்டு வழி உண்டு. சுலபமான வழி, இரண்டு முனையிலும் மூன்று மூன்று மில்லி வளையம் போட்டு, டிஸ்க்குக்கு அடியில் மூன்று மில்லி வளையம் வைப்பது. சக்கரம் நடுவிலேயே இருக்கும். ஆனால் கியர் அடுக்கு இருக்க வேண்டிய இடத்துக்கு மூன்று மில்லி உள்ளே நிற்கும், செயின் கோணலாக ஓடும். முன்னால் இருக்கிற பல்சக்கரத்தை மாற்றி அதைச் சரிக்கட்ட வேண்டும். இரண்டாவது வழி கொஞ்சம் வேலை, ஆனால் அழகு. வலது முனையைத் தொடவே கூடாது. ஆறு மில்லியையும் இடது பக்கமே சேர்க்க வேண்டும். அப்போது கியர் அடுக்கு பூஸ்ட் ஃப்ரேம் எதிர்பார்க்கிற இடத்தில் போய்த் தானாக நிற்கும். டிஸ்க்குக்கு அடியில் ஆறு மில்லி வளையம். மொத்த ஹப்பும் மூன்று மில்லி வலது பக்கம் நகர்ந்திருக்கும் அல்லவா, அதனால் இடது கம்பிகளை இறுக்கி, வலது கம்பிகளைத் தளர்த்தி, ரிம்மை மூன்று மில்லி இடப்பக்கம் இழுக்க வேண்டும்.

இங்கேதான் வேடிக்கை. என் ஹப்பில் நடுக்கோட்டிலிருந்து இடது காது 33 மி.மீ., வலது காது 21 மி.மீ. கியர் அடுக்குக்கு இடம் விடுவதால் பின்சக்கரம் எப்போதும் இப்படி ஒருச்சாய்ந்துதான் இருக்கும். தூரம் குறைந்த பக்கத்துக் கம்பி அதிகமாக இழுக்க வேண்டும். கணக்குப் போட்டால் இடது கம்பியின் இழுப்பு வலதில் 64 சதவீதம்தான். மாற்றிய பிறகு 30-ம் 24-ம். 80 சதவீதம். முன்பைவிட ஐந்தொகை நன்றாகவே டேலி ஆகிறது! கம்பி நீளத்தில் வருகிற வித்தியாசம் கால் மில்லி, மிஞ்சினால் மூன்றில் ஒரு பங்கு மில்லி. பழைய கம்பியே போதும். "சேராது" என்று தள்ளிய சக்கரம் சேர்ந்தது மட்டுமில்லாமல் முன்னைவிடச் சமமாகவும் ஆகிவிட்டது.

செலவு: இடது பக்கத்துக்கு ஆறு மில்லி நீளமான எண்ட் கேப்பும் டிஸ்க் வளையமும் அலுமினியத்தில் கடைந்ததற்கு 900, நீளமான டிஸ்க் போல்ட் ஆறுக்கு 200, வீல் பெண்டு எடுத்து நடுவுக்குக் கொண்டுவர 500. ஆக 1,600. எட்டு மாதமாக மலையில் ஓடுகிறது.

இதை வீட்டில் செய்து பார்க்கிறவர்கள் ஒன்றிரண்டைக் கவனிக்க வேண்டும். டிஸ்க் வளையம் ஆறு துளையோடு ஒரே துண்டாக இருக்கணும். தனித்தனி வாஷர் அடுக்கிவிட்டு மலை இறங்காதீர்கள், பிரேக்கின் முழு விசையும் அந்த ஆறு போல்ட்டில்தான். வளையம் ஆறு மில்லி என்றால் போல்ட்டும் ஆறு மில்லி நீளமாக இருந்தே தீரணும். கடைசலில் இரண்டு முகமும் பிசகாமல் இணையாக இருக்க வேண்டும். ஹப்பில் டிஸ்க்கை ஆறு போல்ட்டில் மாட்டாமல் நடுமறையில் மாட்டுகிற சென்டர்லாக் என்றால் இவ்வளவு சுலபமில்லை.

எல்லாமும் மாறாது. பால்ரஸ் குண்டும் கோனும் போட்ட பழைய பத்து மில்லி அச்சு ஹப்புக்குள் பன்னிரண்டு மில்லி அச்சு நுழையாது, அதை விட்டுவிடுங்கள். 148 ஹப்பை 142 ஃப்ரேமில் போட முடியாது, வளையம் சேர்க்கலாம், உள்ளதை வெட்ட முடியாது. "ஆறு மில்லிதானே, ஆக்ஸிலை இறுக்கினால் ஃப்ரேம் வந்து ஒட்டிக்கொள்ளும்" என்று சொல்லும் மேதாவிகளைக் கார்பன், அலுமினிய ஃப்ரேம் பக்கமே அண்டவிடாதீர்கள்.

கடைக்காரர்களைத் திட்டுகிறேன் என்று நினைக்க வேண்டாம். அவர்களும் அடி வாங்குகிறவர்கள்தான். ஸ்டாக் இன்ஸ்பெக்‌ஷனுக்குப் போகிறபோது பார்க்கிறேன், சுவரில் தூசி படிந்து 142 வீல்கள் வரிசையாகத் தொங்கும். சரக்கிருப்பை வாங்கிய விலை, விற்கக்கூடிய விலை இரண்டில் எது குறைவோ அதில்தான் காட்ட வேண்டும் என்று கணக்கியல் தரநிலை 2 சொல்கிறது. விலை போகாத சரக்கை டிராயிங் பவர் கணக்கில் சேர்க்காதே என்று வங்கி எனக்குச் சொல்கிறது. நாலு லட்ச ரூபாய் வீலை நான் சிவப்பு மையால் அடித்தால், 25 சதவீத மார்ஜின் போக, அந்த மனிதர் எடுக்கக்கூடிய கடன் மூன்று லட்சம் சுருங்குகிறது. எங்கோ ஒரு டிசைன் அறையில் ஆறு மில்லி தள்ளினார்கள். பில் இங்கே ஒரு சின்ன வியாபாரி பெயருக்கு வருகிறது. அடிக்கிற கை என் கை, அதுதான் வயிற்றெரிச்சல். ஒரு டப்பா எண்ட் கேப் அந்தக் கடையில் இருந்திருந்தால் அது செத்த சரக்கே இல்லை.

முடியாத காரியமா இது? இங்கிலாந்தில் பார்னோல்ட்ஸ்விக் என்ற சின்ன ஊரில் இருக்கும் ஹோப், தன் ஹப்புகளுக்கு மாற்று முனைகளைத் தனியாக விற்கிறது. டிடி ஸ்விஸ்ஸும் அப்படியே. ஸ்ராமையும் ஒரு விஷயத்தில் பாராட்டத்தான் வேண்டும். ஃப்ரேமுக்கு ஃப்ரேம் வேறாக இருந்த டிரெயிலர் ஹேங்கருக்கு 2019-ல் எல்லாருக்கும் பொதுவாக ஒன்றைக் கொடுத்தார்கள். 2023-ல் அதே இடத்தில் நேராக மாட்டுகிற தங்கள் கியரை விற்கத்தான் அந்தப் பாதை போட்டார்களோ என்று சந்தேகம் வருவது என் தொழில் புத்தி. ஆனால் லாபம் இருந்தால் தரப்படுத்த முடிகிறது என்பது நிரூபணமாகிவிட்டது இல்லையா? அப்புறம் ஆக்ஸிலுக்கு மட்டும் என்ன?

நம்மூர் சாதாரண சைக்கிளைப் பாருங்கள். அச்சு வளைந்தால் எந்தத் தெருமுனைக் கடையிலும் வேறு அச்சு கிடைக்கும், யார் செய்த சைக்கிள் என்று கடைக்காரர் கேட்பதே இல்லை. பழுதுபார்க்கும் உரிமைக்காக மத்திய நுகர்வோர் துறை 2022-ல் குழு போட்டது, இணையதளமும் திறந்தது. விவசாயக் கருவி, மொபைல், வீட்டுச் சாமான், வாகனம் என்று துறைகளைச் சொன்னார்கள். சைக்கிளுக்கென்று தனியாக ஒரு இடம் இல்லை. லட்ச ரூபாய்க்கு மேல் விற்கிற சாமானுக்கு முந்நூறு ரூபாய் மூடி கேட்க நாதியில்லை.

அடுத்த முறை வீல் வாங்கப் போனால் எடையை விசாரிக்கும் முன்னால் எண்ட் கேப் தனியாகக் கிடைக்குமா என்று கேளுங்கள். கிடைக்காது என்றால் அந்த வீலை வாங்காதீர்கள். பத்துப் பேர் கேட்டால் கடைக்காரர் விநியோகஸ்தரைக் கேட்பார். நான் என் கடன்காரர்களிடம் ஸ்டாக் ஸ்டேட்மெண்டில் 142 வீலுக்குப் பக்கத்திலேயே மாற்று மூடி எத்தனை இருக்கிறது என்று எழுதித் தரச் சொல்ல ஆரம்பித்திருக்கிறேன். மூடி இருந்தால் அது எனக்கு உயிருள்ள சரக்கு. ஆடிட்டர் வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

டிஸ்கி: மேலே உள்ளதற்கும் என் வங்கிக்கும் சம்பந்தமில்லை. சர்தார்ஜியின் விலாசம் கேட்காதீர்கள், ஏற்கெனவே டிராக்டர் வேலை தேங்கிக் கிடக்கிறதாம்.