குசினிக்கும் மூச்சு வேண்டும்

 

புதிதாக வீடு கட்டுவோரும் பழைய வீட்டைத் திருத்துவோரும் இப்போது முதலில் கைவைப்பது குசினியில்தான். விறகடுப்பும் புகைக்கூண்டும் இருந்த இடத்தில் பென்ட்ரி வருகிறது. பார்வைக்கு அழகில்லை என்று கேஸ் சிலிண்டர் கபட்டுக்குள் போகிறது. பக்கத்து வீடு நெருங்கி நிற்பதால் பர்தாவைக் கருதி யன்னல் எந்நேரமும் சாத்தியே கிடக்கிறது. பூனை வரும், நுளம்பு வரும் என்று மீதித் துவாரங்களும் அடைபடுகின்றன. உம்மாமாரின் குசினி கரி படிந்திருந்தாலும் காற்றோட்டமாக இருந்தது. நமது குசினியில் காற்று வரவும் வழியில்லை, போகவும் வழியில்லை. இதில் என்ன ஆபத்து என்பதையே இம்மாதம் பார்க்கப் போகிறோம்.

இரண்டு விடயங்களை மனதில் பதித்துக்கொள்ளுங்கள். எரியாத வாயு கீழே இறங்கும். எரிந்த வாயு சூட்டுடன் மேலே ஏறும். ஆகவே குசினிக்கு நிலத்தோடும் ஒரு வழி வேண்டும், கூரையோடும் ஒரு வழி வேண்டும்.

கீழே இறங்கும் வாயு

நாம் பாவிக்கும் சமையல் எரிவாயு புரொப்பேன், பியூட்டேன் என்ற இரண்டு வாயுக்களின் கலவை. புரொப்பேன் காற்றைவிட ஒன்றரை மடங்கு பாரமானது. பியூட்டேன் இரண்டு மடங்கு. ஆகவே கசியும் வாயு மேலே போய்விடாது. தண்ணீரைப்போல் நிலத்தில் படர்ந்து, கபட்டின் அடியிலும் கானிலும் பள்ளத்திலும் தேங்கி நிற்கும். அதற்கு இயற்கையில் மணமில்லை. கசிந்தால் தெரிய வேண்டும் என்பதற்காகவே கெட்ட நாற்றமுள்ள ஒரு பொருளைச் சேர்க்கிறார்கள்.

நூறு பங்கு காற்றில் ஏறக்குறைய இரண்டு பங்கு வாயு கலந்தாலே தீப்பிடிக்கும். பத்தடி நீளம், எட்டடி அகலம், பத்தடி உயரமுள்ள குசினியை எடுத்துக்கொண்டால், அதற்கு ஏறக்குறைய ஒரு கிலோ வாயு போதும். நம் வீட்டுச் சிலிண்டரில் இருப்பதோ 12.5 கிலோ! அதிலும் வாயு நிலத்தோடு தேங்குவதால், அரைக் கிலோ கசிந்தாலும் அந்த மட்டத்தில் ஆபத்து வந்துவிடும்.

2021 நவம்பர், டிசம்பர் மாதங்களில் நாடெங்கும் எரிவாயு வெடிப்புகள் அடுத்தடுத்து நடந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். அதை ஆராய ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். புரொப்பேன், பியூட்டேன் கலவையின் விகிதம் மாறியதே முக்கிய காரணம் என்று அக்குழு சொன்னது. புரொப்பேனின் பங்கு கூடினால் சிலிண்டருக்குள் அமுக்கமும் கூடும். கலவை நம் கையில் இல்லை. ஆனால் ஹோஸும் ரெகியுலேட்டரும் காற்றுக்கு வழியும் நம் கையில்தான் இருக்கின்றன.

சிலிண்டரை எங்கே வைப்பது?

வீட்டுக்கு வெளியே, நிழலான இடத்தில், கம்பிக் கூட்டுக்குள் வைத்துப் பூட்டுவது மிகவும் நல்லது. தொடர்மாடி வீட்டில் அதற்கு வசதியில்லாமல் உள்ளே வைப்பதானால் இவற்றைக் கவனியுங்கள்.

சிலிண்டர் எப்போதும் நிமிர்ந்தே நிற்க வேண்டும். அடுப்பு அதைவிட உயரத்தில் இருக்க வேண்டும். பக்கத்தில் பிளக் பொயின்ட்டோ குளிர்சாதனப் பெட்டியோ இருக்கக்கூடாது. அவற்றில் பறக்கும் சிறு பொறியே போதும். கபட்டுக்குள்தான் வைக்க வேண்டுமென்றால், தச்சு பாஸிடம் சொல்லிக் கதவின் அடியிலும் மேலும் துவாரம் போடச் சொல்லுங்கள். குசினிச் சுவரிலும் நிலத்தோடு ஓரிடத்திலும் கூரைக்குக் கீழ் ஓரிடத்திலும் துளையுள்ள சீமெந்துக் கல் வைக்கச் சொல்லுங்கள். ஒன்று முழங்காலுக்குக் கீழே, மற்றது தலைக்கு மேலே என்பதால் பர்தாவுக்கும் குறைவில்லை. உட்பக்கம் வலை அடித்தால் பூனையும் வராது, நுளம்பும் வராது.

ஹோஸ் அடுப்பின் பின்பக்கமாகச் சூடு படும்படி போகக்கூடாது. இரு முனையிலும் கிளிப் இறுக்கமாக இருக்க வேண்டும். அச்சிட்ட திகதி கடந்துவிட்டாலோ, வளைத்துப் பார்க்கையில் வெடிப்புத் தெரிந்தாலோ உடனே மாற்றுங்கள். சிலிண்டர் மாற்றும் ஒவ்வொரு முறையும் மூட்டுகளில் சவர்க்கார நுரையைத் தடவிப் பாருங்கள்; குமிழி வந்தால் கசிகிறது. நெருப்புக் குச்சி கொளுத்திப் பார்ப்பவர்களும் நம்மில் உண்டு. அது உயிரோடு விளையாடுவதாகும்.

ஸஹர் நேரத்து ஆபத்து

ரமழானில் இன்னும் கவனம் வேண்டும். இரவு முழுவதும் கதவும் யன்னலும் பூட்டிய குசினியில் சிறு கசிவும் மணிக்கணக்காகத் தேங்கும். ஸஹருக்கு எழும்பும் பெண் அரைத் தூக்கத்தில் முதலில் தொடுவது லைட் சுவிட்சை. ஆகவே இந்தப் பழக்கத்தை இன்றே எடுத்துக்கொள்ளுங்கள்: கதவைத் திறந்ததும் முதலில் மூக்கு, பிறகு யன்னல், அதன் பிறகே சுவிட்ச்.

மணம் வந்தால் எந்தச் சுவிட்சையும் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். மின்விசிறியும் போடக்கூடாது, அங்கே நின்று தொலைபேசியும் எடுக்கக்கூடாது. ரெகியுலேட்டரை மூடுங்கள். கதவு யன்னல்களைத் திறந்துவிட்டுப் பிள்ளைகளையும் வயோதிபர்களையும் கூட்டிக்கொண்டு வெளியே போங்கள். மணம் கடுமையாக இருந்தால் உள்ளே காலே வைக்க வேண்டாம். வெளியே நின்று 110 தீயணைப்புச் சேவையை அழையுங்கள். யாருக்காவது காயமோ மயக்கமோ என்றால் 1990 அம்பியூலன்ஸ் இருக்கிறது.

நாற்றமில்லாத எதிரி

இனி எரிந்த வாயுவைப் பார்ப்போம். அடுப்பு நீலமாக எரிந்தால் நல்லது. மஞ்சளாக எரிந்து சட்டியின் அடி கறுத்தால், பேணரில் அழுக்கு அடைத்திருக்கலாம், அல்லது காற்றுப் போதவில்லை. அப்போது காபனோரொட்சைட்டு உண்டாகிறது. அதற்கு நிறமுமில்லை, மணமுமில்லை. நம் இரத்தத்திலுள்ள ஈமோகுளோபினோடு ஒட்சிசனைவிட இருநூறு மடங்குக்கு மேல் வலுவாக ஒட்டிக்கொள்ளும். தலையிடி, தலைச்சுற்று, குமட்டல், உடற்சோர்வு என்பன அதன் அடையாளங்கள். கர்ப்பிணிகளின் வயிற்றிலுள்ள சிசுவுக்கு இது மிகவும் கெடுதி.

நோன்பு நாட்களில் பூட்டிய குசினிக்குள் பெரிய அடுப்பில் மணிக்கணக்காகக் கஞ்சி காய்ச்சும்போது வரும் தலையிடியை, நோன்புத் தலையிடி என்று எண்ணி விட்டுவிடுகிறோம். ஒரே நேரத்தில் வீட்டில் இரண்டு மூன்று பேருக்குத் தலையிடித்து, வெளியே வந்ததும் குறைகிறதென்றால் சந்தேகப்படுங்கள். அடுப்பை அணைத்துவிட்டு வெளிக்காற்றுக்கு வாருங்கள், வைத்தியரிடம் காட்டுங்கள்.

அடுப்புக்கு மேல் புகை உறிஞ்சி பூட்டியிருப்பவர்கள் அதன் குழாய் சுவருக்கு வெளியே போகிறதா என்று பாருங்கள். சிலவகை உறிஞ்சிகள் எண்ணெய்ப் புகையை வடித்துவிட்டு, அதே காற்றைத் திரும்பவும் குசினிக்குள்ளேயே விடுகின்றன. குழாய் வெளியே போனாலும், புதுக்காற்று உள்ளே வர ஒரு வழி இல்லாவிட்டால் பயன் குறைவு.

கேஸில் தண்ணீர் சூடாக்கும் ஹீட்டரைப் புகைபோக்கி இல்லாமல் குளியலறைக்குள் ஒருபோதும் பூட்டக்கூடாது. நுவரெலியா, பண்டாரவளைப் பக்கம் குளிருக்காகக் கரிச்சட்டியைப் படுக்கையறையில் வைத்துக் கதவைச் சாத்துவதும், பிள்ளை பெற்ற வீட்டில் பூட்டிய அறைக்குள் சாம்பிராணிச் சட்டியை நெடுநேரம் வைத்திருப்பதும் இதே ஆபத்துத்தான்.

வெளிநாட்டுப் பிள்ளைகளுக்கு

லண்டனிலும் டொரோன்டோவிலும் நம் பிள்ளைகள் பலர் குடியிருக்கிறார்கள். கனடாவில் பல வீடுகளின் நிலக்கீழ் அறையில், வீட்டைச் சூடாக்கும் கேஸ் உலை இருக்கும். அதன் புகை பழைய வீடுகளில் புகைக்கூண்டு வழியாகவும், புதியவற்றில் சுவரைத் துளைத்துப் போகும் பிளாஸ்டிக் குழாய் வழியாகவும் வெளியேறும். பனி கொட்டும் நாட்களில் அந்தக் குழாயின் வாய் மூடுண்டால் நச்சு வாயு வீட்டுக்குள் திரும்பலாம். பனியை விலக்கச் சொல்லுங்கள். படுக்கையறைகளுக்கு அருகே காபனோரொட்சைட்டு எச்சரிக்கைக் கருவி வைக்கச் சொல்லுங்கள். உலையைப் பூட்டுவதும் ஆண்டுதோறும் பார்ப்பதும் அனுமதிப்பத்திரம் உள்ளவரின் வேலை. பிரித்தானியாவில் கேஸ் சேஃப் பதிவேட்டில் உள்ளவர் மட்டுமே கேஸ் வேலை செய்யலாம் என்பது சட்டம். தெரிந்த பையன் மலிவாகச் செய்து தருவான் என்று போக வேண்டாம்.

இரவில் ஒரு ஸுன்னத்

மதீனாவில் ஓரிரவு ஒரு வீடு தீப்பற்றிய செய்தி வந்தபோது, நெருப்பு உங்களுக்குப் பகைவன், உறங்கப் போகுமுன் அதை அணைத்துவிடுங்கள் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் அறிவுரை கூறினார்கள். அன்று அது விளக்கின் திரி. இன்று அது நம் ரெகியுலேட்டரின் திருகு. அடுப்பின் பிடியை மட்டும் மூடிவிட்டுப் படுத்தால் ஹோஸ் நிறைய வாயு நிற்கும். ரெகியுலேட்டரையும் மூடிவிட்டே படுக்கைக்குப் போங்கள். பிஸ்மில்லாஹ் சொல்லி மூடினால் பாதுகாப்போடு நன்மையும் கிடைக்கும், இன்ஷா அல்லாஹ்.

இதை வாசித்து முடித்ததும் கபட்டைத் திறந்து, சிலிண்டருக்குக் கீழே காற்றுப் போக வழியிருக்கிறதா என்று ஒரு தடவை பாருங்கள். இல்லையென்றால் வீட்டிலுள்ள ஆண்களிடம் இன்றே சொல்லுங்கள். ஒரு துவாரம் போடப் பெரிய செலவில்லை.

அல்லாஹ் நம் எல்லோருடைய இல்லங்களையும் பாதுகாப்பானாக. ஆமீன்.