அர்ஜியின் தமிழும் அர்ஜியும்

ஜேர்மனியின் ஹம் நகரில், காமாட்சி அம்பாள் தேர்த்திருவிழாவிற்கு ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கான தமிழர் திரள்கின்றனர். உமையொருபாகனைப் போற்றும் இம்மக்களின் இல்லங்கள் பலவற்றில், ஆணை நேசிக்கும் மகனுக்கு மட்டும் இடமில்லை.

சியாம் செல்வதுரையின் ‘ஃபனி போய்’ (1994) நாவலின் அர்ஜி அத்தகையதொரு கொழும்புத் தமிழ்ச் சிறுவன். 1983 யூலை வன்முறை அவன் வீட்டையும் எரித்தது. தீபா மேத்தா அதனை 2020இல் திரைப்படமாக்கியபோது, தமிழரல்லாதோர் நடித்ததும் தமிழ் சிதைந்ததும் கண்டிக்கப்பட்டன. கண்டனம் நியாயமானதே. ஆயின், அர்ஜியின் தமிழுக்காகக் கொதித்தோர் அர்ஜிக்காகவும் பேச வேண்டாமா?

“இது வெள்ளையர் பழக்கம்” என்பர் பெரியோர். இலங்கையில் இவ்வுறவைக் குற்றமாக்கிய தண்டனைச் சட்டக்கோவையை 1883இல் இயற்றியதே வெள்ளையர் ஆட்சிதான்! அவர்களது சட்டத்தைத் தமிழ்ப் பண்பாடெனக் காப்பது அறியாமை. பெற்றோரே, பிள்ளையை இழந்தபின் பண்பாட்டை யாரிடம் ஒப்படைப்பீர்?