இரு, அம்மாகிட்ட குடுக்குறேன்

வெளியூரிலிருந்து வீட்டுக்குப் போன் செய்தால் அப்பா எடுப்பார். "நல்லாருக்கியா? சாப்டியா? இரு, அம்மாகிட்ட குடுக்குறேன்." இருபது வருடம் என் அப்பா என்னோடு பேசியது இவ்வளவுதான். அம்மா தவறிய மறுமாதம், பழக்கத்தில் "இரு, அம்மாகிட்ட" என்று ஆரம்பித்தவர் பாதியில் நின்றுவிட்டார். அன்றுதான் புரிந்தது, எங்கள் இருவருக்கும் நடுவே ஓடிக்கொண்டிருந்த பேச்சு மொத்தமும் அம்மா பார்த்த வேலை.

ஆண்கள் தகவல் சொல்லப் பேசுகிறார்கள், பெண்கள் உறவை வளர்க்கப் பேசுகிறார்கள் என்று மொழியியலாளர் டெபோரா டானன் 1990இல் எழுதினார். சிறுவயது விளையாட்டுக் கூட்டத்திலேயே இந்த வேறுபாடு உருவாகிவிடுகிறது என்றார். நாமோ அதைப் பிறவிக்குணம் ஆக்கிவிட்டோம். டீக்கடையில் மணிக்கணக்காக அரசியல் பேசுகிறவருக்கு வாய் இல்லையா? "ஆம்பளப் புள்ள அழலாமா?" என்று மூன்று வயதில் கேட்டதை அவர் இன்னும் மறக்கவில்லை, அவ்வளவுதான்.

வேலைக்கும் பேச்சுக்கும் நெருங்கிய தொடர்பு உண்டு. வெங்காயம் உரிக்கும்போதும் பிள்ளைக்குத் தலை துவட்டும்போதும்தான் மனதில் கிடப்பது வெளியே வரும். 2019ஆம் ஆண்டு மத்திய அரசு நடத்திய நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பின்படி, கூலியில்லா வீட்டு வேலையில் கைவைக்கும் ஆண்கள் நூற்றுக்கு 26 பேர். அவர்களும் நாளுக்கு 97 நிமிடம்தான். பெண்கள் 299 நிமிடம். மத்திய அரசு ஊழியரான தாய்க்குப் பேறுகால விடுப்பு 180 நாள், தந்தைக்கு 15 நாள். தாயின் உடல் தேற நாள் வேண்டும், சரி. ஆனால் குழந்தையோடு பழக அப்பனுக்குப் பதினைந்து நாள் போதுமென்று யார் முடிவு செய்தது?

என் அப்பா எழுபத்தொரு வயதில் ரசம் வைக்கக் கற்றுக்கொண்டார். "புளி எவ்ளோ போடணும்?" என்று கேட்கத்தான் முதலில் போன் செய்தார். பிறகு கறிவேப்பிலை விலை, முட்டிவலி. ஒரு நாள், ராத்திரியில் தூக்கம் வரவில்லை, வீடு பெரிசாகத் தெரிகிறது என்றார். அவர் தன் பயத்தைச் சொல்லி நான் கேட்டது அதுவே முதல்முறை.

அடுத்த இதழில் ஆண்கள் எழுதும் பக்கங்களை ஒதுக்கியிருக்கிறோம். சமைத்ததை, பிள்ளை வளர்த்ததை, படுக்கையில் கிடந்தவரைப் பார்த்துக்கொண்டதை, இதுவரை வீட்டில் சொல்லாததை எழுதுங்கள். அனுப்புவதற்கு முன் வீட்டில் ஒருவருக்கு வாசித்துக் காட்டுங்கள்.