நரம்பின் அமைதியும் சங்கத்தின் பட்டுவாடாத் தேதியும்

கடைவீதியிலும் பேருந்து நிலையத்திலும் 'நரம்புத் தளர்ச்சி' என்னும் சொற்கள் சுவர்தோறும் ஒட்டப்பட்டிருப்பதைக் காணாத அங்கத்தினர் இரார். லேகியம், சூரணம், குளிகை எனப் பலவகைச் சரக்குகள் அப்பெயரைச் சொல்லியே விலைபோகின்றன. உழைத்துக் களைத்த மனிதன் தன் நெஞ்சு படபடப்பதையும், இரவில் கண் மூடாததையும், உண்ட உணவு செரிக்காததையும் கண்டு, நரம்புகள் தளர்ந்துவிட்டன என்று அஞ்சிக் கூலியில் ஒரு பகுதியை அங்கே கொண்டுபோய்க் கொட்டுகின்றான். நாம் சொல்ல விரும்புவது, இத்தகைய துன்பங்களில் பலவற்றுக்கு உண்மை நேர்மாறானது என்பதே. அவன் நரம்புகள் தளரவில்லை. தளர வேண்டிய வேளையிலும் தளர மாட்டாமல் விறைத்து நிற்கின்றன.

நெசவாளருக்கு இதை விளக்கப் பெருமுயற்சி வேண்டியதில்லை. பாவு விறைப்பாக நின்றால்தான் நாடா ஓடும். ஆயினும் அன்றைய வேலை முடிந்த பின்னும் அவ்விறைப்பைச் சற்றேனும் தளர்த்தாமல் விட்டுவைப்பது இழைக்கு நல்லதன்று. உடலிலும் அவ்வாறே. நம்முடைய விருப்பத்தைக் கேளாமலே இதயத்தையும் குடலையும் இரத்தக் குழாய்களையும் நடத்தி வருகின்ற ஓர் அமைப்பு உண்டு. அதைத் தன்னியக்க நரம்பு மண்டலம் என்பர். அதன் ஒரு பிரிவாகிய பரிவு நரம்புகள், மாடு முட்ட வரும்போது நம்மை ஓடச் செய்பவை. இதயம் விரைகின்றது, இரத்தம் குடலை விட்டுத் தசைகளுக்குப் பாய்கின்றது, சிறுநீரகங்களின் மேல் தொப்பி போல் அமர்ந்துள்ள சுரப்பிகள் அட்ரீனலினைச் சொரிகின்றன. அமெரிக்க உடலியல் அறிஞர் வால்ட்டர் கேனன் 1915-ஆம் ஆண்டில் வெளியிட்ட தம் நூலில், இவையெல்லாம் போரிடவோ தப்பி ஓடவோ உடல் செய்துகொள்ளும் ஆயத்தம் என்று விளக்கினார். மற்றொரு பிரிவாகிய துணைப்பரிவு நரம்புகள் ஆபத்து நீங்கியபின் இதயத்தை நிதானப்படுத்திச் செரிமானத்தை மீண்டும் தொடங்கி வைக்கின்றன. அவற்றுள் தலையாயது மூளையின் அடியிலிருந்து வயிறு வரை இறங்கும் வேகஸ் நரம்பு. 1921-ஆம் ஆண்டில் ஆட்டோ லோவி என்பவர் ஒரு தவளையின் இதயத்தில் இந்நரம்பைத் தூண்டி, அவ்விதயத்தைச் சூழ்ந்திருந்த நீரை எடுத்து வேறொரு தவளையின் இதயத்தில் விட்டார். தூண்டப்படாத அவ்விதயமும் மெல்லத் துடிக்கலாயிற்று. நரம்பு ஒரு வேதிப்பொருளின் வாயிலாகவே கட்டளையிடுகின்றது என்பது அன்று புலனாயிற்று. 1936-இல் அவருக்கு நோபல் பரிசும் கிடைத்தது.

மாடு முட்ட வந்தால் ஒரு நிமிடத்தில் முடிந்துபோகும். வட்டிக் கடன் அவ்வாறு முடிவதில்லை. கடன்காரன் வாயிலில் நின்றாலும் நில்லாவிட்டாலும் உடல் ஆயத்த நிலையிலேயே மாதக்கணக்கில் கிடக்கின்றது. அதனால் விளையும் கேடு வெறும் மனக்கலக்கம் அன்று. தோலில் அளந்து பார்க்கத்தக்கது. அமெரிக்காவில் ஓஹையோ மாநிலப் பல்கலைக்கழகத்தார் 1995-இல் ஓர் ஆய்வை வெளியிட்டனர். நினைவிழந்த உறவினரை இரவும் பகலும் பேணிவந்த 13 பெண்களையும், அச்சுமை இல்லாத, அதே வயதையொத்த 13 பெண்களையும் அவர்கள் தேர்ந்தெடுத்து, ஒவ்வொருவர் முன்கையிலும் 3.5 மில்லிமீட்டர் அகலமுள்ள சிறு காயம் ஒன்றை மருத்துவ முறைப்படி உண்டாக்கினர். சுமையற்ற பெண்களுக்குக் காயம் ஆறச் சராசரியாக 39 நாட்கள் ஆயின. சுமை தாங்கியவர்களுக்கு ஏறத்தாழ 49 நாட்கள். 1998-இல் அதே பல்கலைக்கழகத்தார் பல் மருத்துவ மாணவர் 11 பேரிடம் இதைச் சோதித்தபோது, விடுமுறையில் ஆறியதைவிடத் தேர்வுக் காலத்தில் வாயின் காயம் ஆறுவதற்கு 40 சதவீதம் கூடுதலான காலம் பிடித்தது. இளைஞர்கள், நல்ல உணவு உண்பவர்கள், மூன்று நாளில் வரப்போகும் ஒரு பரீட்சைக்கே இப்படி!

காரணம் மறைவானதன்று. ஓயாத கவலையில் சுரக்கும் கார்ட்டிசால் என்னும் பொருள், காயம்பட்ட இடத்துக்கு நோய் எதிர்ப்பு அணுக்களை அழைக்கும் சமிக்ஞைகளை அடக்கிவிடுகின்றது. காயத்தைச் சுத்தம் செய்து புதுத்தோல் கட்டும் வேலையின் முதற்படியே அங்குத் தாமதமாகின்றது. அரிவாள் பட்ட காலும் தறிக்குழியில் இடித்துக்கொண்ட முழங்காலும் ஆறவில்லையே என்று வருந்துவோர், சர்க்கரை நோய் உண்டா என்று பார்த்துக்கொள்வது முதற்கடமை. அது இல்லையெனில், இரவில் எத்தனை மணி நேரம் உறங்குகின்றோம் என்பதையும் எண்ணிப் பார்ப்பது நலம். நல்ல உறக்கத்தில் இரத்த அழுத்தம் பகலில் உள்ளதைவிட 10 முதல் 20 சதவீதம் வரை தாழ்வது இயல்பு. அந்த ஓய்வு இதயத்துக்கு வேறு எந்த வேளையிலும் கிட்டுவதில்லை.

நரம்புகளை அமைதிப்படுத்த நம் கையிலேயே உள்ள வழி மூச்சு. மூச்சை உள்ளிழுக்கையில் இதயம் சற்று விரைவதையும், வெளிவிடுகையில் மெதுவாவதையும் நாடியில் விரல் வைத்துப் பார்த்தே அறியலாம். வெளிமூச்சின்போது வேகஸ் நரம்பின் கை ஓங்குகின்றது. 2001-இல் பிரிட்டிஷ் மருத்துவ இதழில் வந்த ஓர் ஆய்வில், 23 பேர் இலத்தீன் மொழியில் ஜெபமாலையும், யோக மந்திரம் ஒன்றையும் முறையே ஓதினர். இரண்டிலும் மூச்சு நிமிடத்துக்கு ஏறத்தாழ 6 என்ற அளவில் நின்றது. இதயத்தின் தாளமும் இரத்த அழுத்தத்தின் தாளமும் அதனோடு ஒத்திசைந்தன. சமயம் எதுவாயினும் நரம்புக்குக் கணக்கு ஒன்றே போலும். ஓதாமலும் இதைச் செய்யலாம். நாளொன்றுக்குப் பத்து நிமிடம், தறியை விட்டு எழுந்து, மெல்ல இழுத்து, அதனினும் மெல்ல வெளிவிடுவதற்குக் காசு செலவில்லை. விசைத்தறிக் கூடத்தில் வேலை செய்வோர் காதுக்கு அடைப்பான் வைத்துக்கொள்வதும் இதன்பாற்பட்டதே. பேரிரைச்சலும் பரிவு நரம்புகளை உசுப்பிக்கொண்டே இருக்கும். ஆயினும் மூச்சுப் பயிற்சி காசநோயைத் தீர்க்கும், இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிடலாம் என்று எவரேனும் சொல்வாராயின், அவரையும் லேகியக்காரரோடு சேர்த்தே எண்ண வேண்டும். மருந்துக்குத் துணை நிற்பதே இதன் வேலை.

இதுவரை கூறியதை எந்த ஆரோக்கியப் பத்திரிகையும் கூறும். கூட்டுறவாளருக்கென்று கூற வேண்டியது இனித்தான் இருக்கின்றது. 'கவலைப்படாதே, நீளமாக மூச்சு விடு' என்று ஒருவனிடம் சொல்லிவிட்டு, அவனுக்கு வரவேண்டிய பணத்தை நிறுத்தி வைப்பது என்ன நியாயம்?

நம் தமிழ்நாட்டிலேயே நடந்து, 2013-இல் 'சயன்ஸ்' இதழில் வெளிவந்த ஆய்வு ஒன்றை இங்கே நினைவூட்டுகின்றோம். 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகளை அறுவடைக்கு முன்னும் பின்னும் சோதித்தனர். கையில் காசில்லாத அறுவடைக்கு முந்திய வாரங்களில், அதே மனிதர்கள் யோசனைத் திறனுக்கான சோதனைகளில் குறைவாகவே தேறினர். பணம் வந்தபின் அத்திறன் மீண்டது. மனம் பணக் கவலையிலேயே சிக்கிக் கிடந்ததுதான் இதற்குக் காரணம் என்பது ஆய்வாளர் கருத்து. அவர்களில் ஒரு பகுதியினருக்கு நாடியும் இரத்த அழுத்தமும் பார்த்ததில், அவையும் அறுவடைக்கு முன்பு ஏறியே இருந்தன. இம்மாற்றத்தை உண்டாக்கியது லேகியமன்று; கைக்கு வந்த கிரயம்.

கரும்பு கொண்டுவந்து ஒப்படைத்த 14 நாட்களுக்குள் ஆலை கிரயம் தரவேண்டும், தவறினால் ஆண்டுக்கு 15 சதவீத வட்டி சேர்த்துத் தரவேண்டும் என்று 1966-ஆம் ஆண்டின் கரும்புக் கட்டுப்பாட்டு ஆணை விதித்தது. அவ்விதி எவ்வளவு காக்கப்பட்டது என்பதைக் கரும்பு பயிரிடும் அங்கத்தினரே நன்கறிவர். நெசவாளர் பக்கமும் கதை வேறன்று. நூல் வந்ததா என்று கேட்டு ஒரு நடை, கூலி போட்டாயிற்றா என்று கேட்டு மறுநடை, 'நாளை பார்க்கலாம்' என்ற விடையோடு திரும்பி வருதல் என்பது பல சங்கங்களில் வழக்கமாகிவிட்டது.

இந்த 'நாளை பார்க்கலாம்' என்பதுதான் நரம்புக்குப் பெரும்பகை என்று நாம் கருதுகின்றோம். இலண்டன் பல்கலைக்கழகக் கல்லூரியார் 2016-இல் வெளியிட்ட ஆய்வு இதற்குத் துணை நிற்கின்றது. 45 பேரைக் கணினியின் முன் அமர்த்தி, திரையில் தெரியும் கல்லின் அடியில் பாம்பு உண்டா இல்லையா என்று ஊகிக்கச் செய்தனர். பாம்பு இருந்தால் கையில் சுரீரென்று மின்சாரம் பாயும். பாம்பு உறுதியாக உண்டு என்று அறிந்தபோதைவிட, பாதிக்குப் பாதி என்று ஐயுற்றிருந்தபோதே அவர்கள் மிகுதியும் வியர்த்தனர். கண்மணிகளும் மிகுதியும் விரிந்தன. வரப்போவது துன்பமே ஆயினும் தெரிந்துவிட்டால் உடல் ஓரளவு அமைகின்றது. தெரியாமல் காத்திருக்கும்போதுதான் அலைக்கழிகின்றது.

சங்கக் காரியதரிசிகள் நமக்கு மறுமொழி வைத்திருப்பர். தலைமைச் சங்கத்திலிருந்து பணம் வந்தால்தானே கொடுக்க முடியும், நாங்கள் என்ன செய்வோம் என்பர். அதில் நியாயம் இல்லாமலில்லை. விற்காத துணி கிடங்கில் குவிந்து கிடக்கையில் எந்த நிர்வாகியும் மாயம் செய்ய இயலாது. ஆனால் பணம் இல்லாமை வேறு, தகவல் இல்லாமை வேறு. கிரயமும் கூலியும் எந்தத் தேதியில் பட்டுவாடா ஆகும் என்பதை அலுவலக வாயிலில் கரும்பலகையில் எழுதி வைக்கலாம். அத்தேதி தவறப்போகின்றது என்றால், தவறுவதற்கு முன்பே மறு தேதியை எழுதலாம். நூல் வருகைக்கும் அவ்வாறே. பணம் ஒரு பகுதியே வந்திருந்தால் எவருக்கு முதலில் கொடுப்பது என்ற வரிசையையும் எல்லாரும் காணும்படி வைக்கலாம். மருத்துவச் செலவுக்கென்று அங்கத்தினர் கேட்கும் சிறு முன்பணத்தை வேறு மனுக்களோடு சேர்த்துக் கட்டிவைக்காமல் அந்த வாரமே முடிவு செய்யலாம். நோயுற்றவன் ஆறும் காலத்தை அது குறைக்கும்.

பொதுச்சபைக் கூட்டத்துக்கு முன் அங்கத்தினர் தீர்மானம் கொடுக்க உரிமை உண்டு. பட்டுவாடாத் தேதிப் பலகை ஒன்று வைக்கவேண்டும் என்ற தீர்மானத்தை, துணைவிதியில் கண்ட கெடுவுக்குள் கையெழுத்திட்டு அலுவலகத்தில் சேர்ப்பித்து, பெற்றுக்கொண்டதற்கு ரசீது வாங்கிக்கொள்ளும்படி அங்கத்தினர்களைக் கேட்டுக்கொள்கின்றோம்.