சண்டைப் படம் கிறிஸ்துமஸ் படம் ஆகுமா?

டிசம்பர் மாதம். அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் நண்பர்கள் ஒன்றுகூடும் வீடுகளில் மரத்துக்கு விளக்கு போட்டாயிற்று, கேக்கும் வெட்டியாயிற்று. “சரி, ஒரு கிறிஸ்துமஸ் படம் போடலாம்” என்று ஒருவர் ரிமோட்டைக் கையில் எடுக்கிறார். “‘டை ஹார்ட்’ போடு” என்கிறார் இன்னொருவர். அவ்வளவுதான். அடுத்த ஒரு மணி நேரத்துக்குப் படம் ஓடாது; பட்டிமன்றம்தான் ஓடும்.

“துப்பாக்கியும் வெடிகுண்டுமாக இருக்கிற படம் எப்படி கிறிஸ்துமஸ் படம் ஆகும்?” என்று ஒரு கட்சி. “கதையே கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் ராத்திரியில்தானே நடக்கிறது?” என்று எதிர்க்கட்சி. வருடம் தவறாமல் நடக்கும் இந்த வாக்குவாதமே இப்போது அங்கே பண்டிகைச் சடங்குகளில் ஒன்றாகிவிட்டது.

படத்தைப் பார்க்காதவர்களுக்காகக் கதைச் சுருக்கம். நியூயார்க் போலீஸ்காரர் ஜான் மெக்ளேன். மனைவி ஹோலி, வேலை உயர்வு கிடைத்ததால் இரண்டு குழந்தைகளுடன் லாஸ் ஏஞ்சலஸுக்குப் போய்விட்டார். கணவர் கூடப் போகவில்லை. பண்டிகைக்குக் குழந்தைகளைப் பார்க்கலாம், மனைவியோடு சமாதானமாகலாம் என்று விமானம் ஏறி வருகிறார். ஹோலியின் அலுவலகத்தில் கிறிஸ்துமஸ் விருந்து நடக்கும்போது, ஹான்ஸ் க்ரூபர் என்ற கொள்ளைக்காரன் ஆயுதம் தாங்கிய கும்பலோடு கட்டடத்தையே கைப்பற்றிவிடுகிறான். தப்பியது மெக்ளேன் ஒருவர்தான். காலில் செருப்புகூட இல்லை. மீதியை ஊகித்துக்கொள்ளலாம்.

1988-ல் ஜான் மெக்டியர்னன் இயக்கத்தில் வந்த படம். மெக்ளேனாக ப்ரூஸ் வில்லிஸ். வில்லனாக ஆலன் ரிக்மன்; நாடக மேடையிலிருந்து வந்த அவருக்கு இதுதான் முதல் திரைப்படம். படத்தில் ‘நகடோமி பிளாசா’ என்று வரும் கட்டடம், அப்போதுதான் கட்டி முடித்திருந்த ‘ஃபாக்ஸ் பிளாசா’.

எது கிறிஸ்துமஸ் படம்?

நம் ஊரில் தீபாவளிப் படம் என்றால் தீபாவளிக்கு ரிலீஸ் ஆகிற படம். கதைக்குள் ஒரு மத்தாப்பு கொளுத்த வேண்டும் என்றுகூட யாரும் எதிர்பார்ப்பதில்லை. அமெரிக்காவில் அப்படி இல்லை. எந்த மாதம் வந்தாலும் சரி, பண்டிகை உணர்வைக் கதையில் சுமந்திருக்க வேண்டும்; வருடா வருடம் எடுத்துப் பார்க்கத் தோன்ற வேண்டும். அதுதான் கிறிஸ்துமஸ் படம்.

அதனால் ‘இல்லை’ கட்சிக்காரர்களின் முதல் வாதம் சுலபமாக விழுந்துவிடுகிறது. “‘டை ஹார்ட்’ ஜூலை மாத வெயிலில் வந்த படம்” என்கிறார்கள். உண்மைதான். ஆனால், கிறிஸ்துமஸ் தாத்தாவையே கதாபாத்திரமாக்கிய ‘மிராக்கிள் ஆன் 34த் ஸ்ட்ரீட்’ 1947-ல் கோடைத் தொடக்கத்தில்தான் வந்தது. கோடையில்தான் கூட்டம் வரும் என்று ஸ்டுடியோ நினைத்தது. ‘ஒயிட் கிறிஸ்துமஸ்’ பாட்டை உலகத்துக்குத் தந்த ‘ஹாலிடே இன்’ வெளிவந்தது 1942 ஆகஸ்டில். ‘டை ஹார்ட்’ முடியும்போது ஒலிக்கும் ‘லெட் இட் ஸ்னோ’ என்ற பனிப்பாட்டுக்கும் இதே கதைதான். 1945 ஜூலையில், ஹாலிவுட்டின் கொளுத்தும் வெயிலில் உட்கார்ந்து எழுதிய பாட்டு அது!

இரண்டாவது வாதம் வன்முறை. “குழந்தைகளோடு உட்கார்ந்து பார்க்க முடியுமா?” முடியாதுதான். ஆனால், குழந்தைகள் விழுந்து விழுந்து சிரிக்கும் ‘ஹோம் அலோன்’ (1990) படத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். திருடன் முகத்தில் இஸ்திரிப் பெட்டி விழுகிறது. இன்னொருவன் தலை தீயில் கருகுகிறது. ‘டை ஹார்ட்’டில் நாயகன் வெறுங்காலோடு உடைந்த கண்ணாடிமேல் நடக்கிறார். ‘ஹோம் அலோனில்’ திருடன் வெறுங்காலோடு கிறிஸ்துமஸ் அலங்காரக் கண்ணாடி உருண்டைகள்மேல் நடக்கிறான். ஒன்றில் ரத்தம் தெரிகிறது, இன்னொன்றில் தெரியவில்லை. வித்தியாசம் அவ்வளவுதான்.

மரம் வைத்தால் போதுமா?

‘ஆமாம்’ கட்சியிடமும் ஓட்டை உண்டு. மரம் இருக்கிறது, விருந்து இருக்கிறது, பின்னணி இசையில் பனிவண்டி மணி கேட்கிறது, கடைசிச் சண்டையில் நாயகன் முதுகில் துப்பாக்கியை ஒட்டிவைக்க உதவுவதே பரிசுப்பொருள் கட்டும் டேப்தான் என்று அடுக்குவார்கள். அப்படிப் பார்த்தால் ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸ்’ (1992), ‘அயர்ன் மேன் 3’ (2013) எல்லாவற்றிலும் மரமும் விளக்கும் இருக்கின்றன. திரைக்கதை ஆசிரியர் ஷேன் பிளாக்குக்குக் கதையை கிறிஸ்துமஸில் வைப்பது ஒரு பழக்கமாகவே ஆகிவிட்டது. அலங்காரம் மட்டும் போதும் என்றால் டிசம்பர் மாதத்து ஷாப்பிங் மாலும் கிறிஸ்துமஸ் படம்தான்.

அப்படியானால் எதை வைத்து முடிவு செய்வது? அதற்கு இந்தப் படம் பிறந்த நாவலைப் பார்க்க வேண்டும்.

ராட்ரிக் தார்ப் 1979-ல் எழுதிய ‘நத்திங் லாஸ்ட்ஸ் ஃபாரெவர்’ என்ற நாவல்தான் ‘டை ஹார்ட்’ ஆனது. அதிலும் கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள்தான். அதிலும் லாஸ் ஏஞ்சலஸில் ஓர் உயர்ந்த கட்டடம்தான். ஆனால், நாயகன் வயதான, ஓய்வுபெற்ற துப்பறிவாளர். அவர் பார்க்க வருவது மனைவியை அல்ல, மகளை. நாவலின் முடிவில் வில்லன் கட்டடத்திலிருந்து விழும்போது மகளையும் இழுத்துக்கொண்டு விழுகிறான். அப்பா எல்லோரையும் வென்று, யாருக்காக வந்தாரோ அவரை இழக்கிறார்.

படத்தில் மகள் மனைவியானார். வில்லன் விழும்போது அவன் பிடித்துக்கொண்டிருப்பது ஹோலியின் கைக்கடிகாரத்தை. மெக்ளேன் அதன் கொக்கியைக் கழற்றுகிறார். வில்லன் மட்டும் விழுகிறான். கணவனும் மனைவியும் ஒரே காரில் ஏறிப் புறப்படுகிறார்கள்.

அதே இரவு, அதே விளக்கு அலங்காரம். ஆனால், நாவலை யாரும் பண்டிகைக் கதையாக நினைக்க மாட்டார்கள்; படத்தை நினைக்கிறார்கள். மாறியது தேதி அல்ல, முடிவு. வெளியே நின்ற ஒருவனுக்குக் கடைசியில் ஒரு கதவு திறக்க வேண்டும். அதுவும் அவன் கொஞ்சமாவது மாறிய பிறகு. 1843-ல் சார்லஸ் டிக்கன்ஸ் எழுதிய ‘எ கிறிஸ்துமஸ் கேரல்’ காலத்திலிருந்து இதுதான் கிறிஸ்துமஸ் கதையின் முதுகெலும்பு.

மெக்ளேன் மாறுகிறாரா? மாறுகிறார். அந்த இடம் துப்பாக்கிச் சண்டையில் இல்லை. உயிர் பிழைப்போமா என்ற சந்தேகம் வந்த நேரத்தில், ஒரு கழிவறையில் உட்கார்ந்து பாதத்தில் குத்திய கண்ணாடித் துண்டுகளைப் பிடுங்கியபடி, வெளியே நிற்கும் போலீஸ்காரரிடம் வயர்லெஸில் ஒரு செய்தி சொல்கிறார். மனைவியிடம் எத்தனையோ தடவை அன்பாகப் பேசியிருந்தாலும் ஒரு தடவைகூட மன்னிப்பு கேட்டதில்லை. கேட்டதாகச் சொல்லுங்கள் என்கிறார். மனைவியின் முன்னேற்றத்துக்குக் கைகொடுக்காமல் இருந்த புருஷன் வாயிலிருந்து வரும் அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் முழுப் படமும்.

இந்த அளவுகோலை மற்றப் படங்களுக்கும் வைத்துப் பார்க்கலாம். 1987-ல் வந்த ‘லீத்தல் வெப்பன்’ படத்தில் மனைவியை இழந்து, வாழ்க்கையில் பிடிப்பே இல்லாமல் அலையும் போலீஸ்காரர், கடைசியில் சக அதிகாரியின் குடும்பத்தோடு பண்டிகை விருந்துக்கு அழைக்கப்படுகிறார். கதவு திறக்கிறது, பாஸ். ‘பேட்மேன் ரிட்டர்ன்ஸில்’ பெற்றோரே தூக்கி எறிந்த பெங்குயின் யாராலும் ஏற்கப்படாமலே சாகிறான். அழைத்தும் செலீனா வருவதில்லை. விளக்குகள் எரிகின்றன, கதவு மட்டும் திறக்கவில்லை.

மறுக்க முடியாத கேள்வி

இத்தனைக்குப் பிறகும் ‘இல்லை’ கட்சியிடம் பலமான வாதம் ஒன்று மிச்சமிருக்கிறது. வயர்லெஸில் பேசும் அந்தப் போலீஸ்காரர் அல் பவல். கர்ப்பிணி மனைவிக்குத் தின்பண்டம் வாங்கிக்கொண்டிருந்த இடத்திலிருந்து இந்தக் களேபரத்துக்கு இழுக்கப்பட்டவர். நல்ல மனிதர். அவருக்குப் பின்னால் ஒரு துயரம். முன்பு ஒருமுறை, பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 13 வயதுச் சிறுவனைத் தவறாகச் சுட்டுவிட்டார். அதன்பிறகு அவரால் யாரையும் சுட முடியவில்லை. மேஜை வேலைக்குப் போய்விட்டார். படத்தின் கடைசியில், செத்துவிட்டான் என்று நினைத்த கொள்ளைக்காரன் ஒருவன் துப்பாக்கியோடு எழுந்து வரும்போது பவல் சுடுகிறார். பின்னணியில் உருக்கமான இசை. அவர் ‘குணமாகிவிட்டார்’ என்று படம் சொல்கிறது.

டிக்கன்ஸின் கஞ்சன் ஸ்க்ரூஜ் கைதிறந்து கொடுத்து மீள்கிறான். பவல் மறுபடி சுடப் பழகி மீள்கிறார். சமாதானத்தின் இளவரசர் என்று ஏசுவைக் கொண்டாடும் நாளில் இதுவா மீட்சி? 2014-ல் க்ளீவ்லாண்ட் நகரில், பொம்மைத் துப்பாக்கி வைத்திருந்த 12 வயதுச் சிறுவன் நிஜமாகவே போலீஸ் குண்டுக்குப் பலியானான். அதற்குப் பிறகு அந்தக் காட்சியைப் பார்ப்பவருக்குக் கைதட்டத் தோன்றாவிட்டால் அவரைக் குறைசொல்ல முடியாது.

ஹோலியைப் பற்றியும் ஒரு முணுமுணுப்பு உண்டு. அலுவலகத்தில் ஹோலி ஜெனெரோ என்று பிறந்த வீட்டுப் பெயரோடு இருந்தவர், கடைசியில் ஹோலி மெக்ளேன் என்று தன்னை அறிமுகப்படுத்திக்கொள்கிறார். கணவரோ அவரை ஜெனெரோ என்றுதான் அறிமுகப்படுத்துகிறார்! விட்டுக்கொடுக்க இருவருமே தயார் என்று பார்ப்பவர்கள் உண்டு. கழற்றி எறிந்த அந்தக் கடிகாரம் வேலைத் திறமைக்காக அவருக்குக் கிடைத்த பரிசு என்பதை நினைத்து வருத்தப்படுகிறவர்களும் உண்டு.

சாட்சிகள் என்ன சொல்கிறார்கள்?

எடுத்தவர்களுக்குள்ளேயே ஒற்றுமை இல்லை. 2018-ல் ஒரு மேடையில் ப்ரூஸ் வில்லிஸ், இது கிறிஸ்துமஸ் படமே அல்ல, ப்ரூஸ் வில்லிஸ் படம் என்று சிரிக்கச் சிரிக்க அடித்துச் சொன்னார். திரைக்கதை எழுதியவர்களில் ஒருவரான ஸ்டீவன் டி சூசா கிறிஸ்துமஸ் படம்தான் என்கிறார். இயக்குநர் மெக்டியர்னன் 2020-ல் சொன்னது சுவாரஸ்யமானது. கிறிஸ்துமஸ் படம் எடுக்க வேண்டும் என்று தாங்கள் திட்டமிடவில்லை, அதிலிருந்து பிறந்த மகிழ்ச்சிதான் அப்படி ஆக்கிவிட்டது என்றார்.

திட்டமிடாமல் பண்டிகைப் படமாவது புதிதல்ல. 1946-ல் வந்த ‘இட்’ஸ் எ வொண்டர்ஃபுல் லைஃப்’ இன்று கிறிஸ்துமஸ் படங்களின் அரசன். வந்தபோது போட்ட பணம்கூடத் திரும்பவில்லை. 1974-ல் அதன் காப்புரிமையைப் புதுப்பிக்கத் தவறிவிட்டார்கள். செலவில்லாமல் கிடைத்த படத்தை டி.வி. நிலையங்கள் டிசம்பர் முழுக்கப் போட்டுத் தள்ள, பார்த்துப் பார்த்து ஒரு தேசமே அதைச் சொந்தமாக்கிக்கொண்டது. செக் நாட்டவர்களுக்கும் ஜெர்மானியர்களுக்கும் 1973-ல் வந்த ஒரு சிண்ட்ரெல்லா படம் இல்லாமல் கிறிஸ்துமஸ் இல்லை. போலந்தில் ‘ஹோம் அலோன்’ போடாவிட்டால் பண்டிகையே களைகட்டாது.

ஆக, தீர்ப்பு எழுதும் நீதிபதி ஸ்டுடியோவும் இல்லை, விமர்சகரும் இல்லை. சோபாவில் யார் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம் என்பதுதான் தீர்ப்பு.

நண்பர்கள் சண்டை போடுவதும் அதனால்தான். ‘டை ஹார்ட்’ வேண்டும் என்பவர், அப்பா அம்மா பிரிந்திருந்த வீட்டில் வளர்ந்தவராக இருக்கலாம். சிரித்த முகமாகக் குடும்பங்கள் விருந்துண்ணும் படங்களில் அவருக்கு இடமே இருந்திருக்காது. பண்டிகை அன்றும் டியூட்டி பார்க்கிற நர்ஸ், தீயணைப்பு வீரர், பெட்ரோல் பங்க் ஊழியர் இவர்களுக்கும், பவல் போல வேலையில் நிற்கும் ஒருவர் கதையில் இருப்பது ஆறுதல். ‘வேண்டாம்’ என்பவர், வருடம் முழுக்க செய்திகளில் கேட்கிற துப்பாக்கிச் சத்தம் இந்த ஒரு ராத்திரியாவது கேட்காமல் இருக்கட்டும் என்று நினைக்கிறவராக இருக்கலாம். இருவர் கேட்பதும் நியாயம்தான்.

‘டை ஹார்ட்’ கிறிஸ்துமஸ் படம்தான். மன்னிப்பு கேட்கத் தெரியாத ஒருவன் அதைக் கற்றுக்கொண்டு வீடு திரும்புகிற கதை என்பதால். ஆனால், அதை எல்லா வீட்டிலும் எல்லா நேரத்திலும் போட்டே ஆக வேண்டும் என்று சட்டம் இல்லை. குழந்தைகள் தூங்கிய பிறகு போடலாம். வேண்டாம் என்று சொல்பவர் இருந்தால் அன்றைக்கு வேறு படம் பார்க்கலாம்.

2022-ல் ப்ரூஸ் வில்லிஸுக்குப் பேசும் திறனைப் பாதிக்கும் நோய் என்று அறிவித்தார்கள். மறுவருடம் அது மறதி நோயின் ஒரு வகை என்று தெரியவந்தது. விவாகரத்தான முன்னாள் மனைவி டெமி மூர், இப்போதைய மனைவி எம்மா, மகள்கள் என எல்லோரும் சேர்ந்துதான் அந்தச் செய்தியை வெளியிட்டார்கள். பிரிந்தவர்களும் ஒருவருக்காக ஒன்றாக நிற்க முடியும் என்று காட்டிய குடும்பம் அது. திரையில் அவர் செய்த சாகசத்தைவிட இது கிறிஸ்துமஸுக்கு இன்னும் நெருக்கமானது.