பிள்ளைகள் டைப் செய்வதும் எழுத்துதான்

"எந்நேரமும் எதையாவது டைப் செய்து கொண்டே இருக்கிறான். ஒரு பக்கம் கட்டுரை எழுதச் சொன்னால் மட்டும் கை வலிக்கிறது என்கிறான்." புதிதாகக் கம்ப்யூட்டர் வாங்கிய பெற்றோர் பலர் கூறும் குறை இது. நானும் இப்படிக் கூறியவன்தான்.

சில ஆண்டுகளுக்கு முன் எங்கள் வீட்டுக் கம்ப்யூட்டர் மிகவும் மெதுவாக இயங்கியது. என் அலுவலக பைல்களையும் குடும்ப போட்டோக்களையும் காப்பி செய்து கொண்டு, ஹார்ட் டிஸ்க் முழுவதையும் பார்மட் செய்துவிட்டேன். மாலையில் பள்ளியிலிருந்து வந்த மகள் டி டிரைவில் தன் போல்டரைத் தேடினாள். "கேம்ஸ்தானே இருந்தது?" என்று கேட்டேன். இல்லை. இரண்டு ஆண்டுகளாக அவள் டைப் செய்து வந்த டைரி இருந்தது. அன்று இரவு அவள் சாப்பிடவில்லை. பார்மட் செய்வதற்கு முன் அவளிடம் ஒரு வார்த்தை கேட்க எனக்குத் தோன்றவே இல்லை.

அமெரிக்காவில் பியூ ஆய்வு மையம் 2008ல் ஓர் ஆய்வு முடிவை வெளியிட்டது. 12 முதல் 17 வயது வரை உள்ளவர்களில் 85 சதவீதத்தினர் இமெயில், எஸ்எம்எஸ், சாட் என ஏதேனும் ஒரு வழியில் எழுதி வந்தனர். ஆனால் 60 சதவீதத்தினர் இதனை எழுத்தாகவே கருதவில்லை. எழுதுபவர்களே மதிக்காததை வீட்டில் யார் பாதுகாப்பார்கள்?

சுருக்கி எழுதுவதால் மொழி கெட்டுவிடும் என்ற அச்சமும் உண்டு. இங்கிலாந்தின் கோவென்ட்ரி பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 10 முதல் 12 வயது வரையிலான 88 சிறுவர் சிறுமியரை ஆய்வு செய்து 2009ல் முடிவை வெளியிட்டனர். எஸ்எம்எஸ் சுருக்கங்களை அதிகம் பயன்படுத்தியவர்கள் வாசிப்பில் பின்தங்கவில்லை, முன்னால் இருந்தனர். நம் பிள்ளைகள் தமிழை ஆங்கில எழுத்தில் எழுதியதற்கும் ஒரு காரணம் இருந்தது. ஒரு எஸ்எம்எஸ்ஸில் ஆங்கிலம் என்றால் 160 எழுத்துகள் வரை அனுப்பலாம். தமிழ் என்றால் 70தான்.

ஆன் பிராங்க் 1942ல் டைரி எழுதத் தொடங்கியபோது அவருக்கு வயது 13. 1944ல் அவர் கைதான பின், மீப் கீஸ் என்ற பெண்மணி அந்தத் தாள்களைச் சேகரித்துத் தன் மேஜை டிராயரில் வைத்தார். ஒரு வரி கூடப் படிக்காமல் வைத்திருந்து அவரது தந்தையிடம் கொடுத்தார். 1947ல் அது நூலாக வந்தது. எல்லாப் பிள்ளைகளின் டைரியும் நூலாகப் போவதில்லை. ஆனால் எழுதியவருக்கு அது பிற்காலத்தில் வேறெங்கும் கிடைக்காத ஒன்று.

"அப்படியானால் என்ன எழுதுகிறார்கள் என்று பார்க்க வேண்டாமா?" என்று சிலர் கேட்கலாம். முன்பின் தெரியாதவர்களுடன் பழகுவது குறித்து எச்சரிப்பது நம் கடமை. அதனை நேரில் பேசுங்கள். டைரியைத் திருட்டுத்தனமாகப் படித்தால், அடுத்த நாளே எழுதுவது நின்றுவிடும்.

நீங்கள் செய்ய வேண்டியவை அதிகம் இல்லை. செட்டிங்ஸ் பகுதியில் அக்கவுண்ட்ஸ் சென்று, பிள்ளைக்குத் தனி யூசர் அக்கவுண்ட் உருவாக்கிக் கொடுங்கள். ஒரு பென் டிரைவ் வாங்கித் தந்து, முக்கியமானவற்றை அதிலும் காப்பி செய்யச் சொல்லுங்கள். இணைய தளத்தை மட்டும் நம்ப வேண்டாம். ஆர்குட் 2014ல் மூடப்பட்டது. வாட்ஸ்அப் உரையாடலைப் பாதுகாக்க விரும்பினால், ஆண்ட்ராய்ட் போனில் அதனைத் திறந்து, மூன்று புள்ளிகளைத் தொட்டு, மோர், எக்ஸ்போர்ட் சாட் எனச் சென்றால் டெக்ஸ்ட் பைலாகக் கிடைக்கும். தமிழில் எழுதுவதை யூனிகோடில் எழுதப் பழக்குங்கள். பழைய எழுத்துருக்களில் எழுதிய பைல்கள், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் வெறும் குறியீடுகளாகத்தான் தெரியும்.

எல்லாவற்றுக்கும் மேலாக, பார்மட் செய்யும் முன் வீட்டில் உள்ள அனைவரிடமும் கேளுங்கள். என் மகள் மீண்டும் எழுதத் தொடங்க ஓராண்டுக்கு மேல் ஆனது. இப்போது அவளுடைய பென் டிரைவ் என் மேஜை டிராயரில்தான் இருக்கிறது. நான் அதனைத் திறந்து பார்த்ததில்லை.